கடலோரக் கோட்டை: பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டையைக் காணச் செல்வோர்க்கு



பினாங்குச் சுற்றுலா என்றதும் உங்களுள் பலருக்குக் கொடிமலை இரயிலும் பத்து பெரிங்கிக் கடற்கரையுமே நினைவுக்கு வரும். அவற்றைக் காண்பதில் தவறில்லை. ஆயினும், ஜார்ஜ் டவுன் நகரின் கடல்முனையிலேயே அமைந்துள்ள கார்ன்வாலிஸ் கோட்டையைப் பலர் வெளியே நின்று பார்த்துவிட்டுச் சென்று விடுகின்றனர். உள்ளே நுழைந்தோரும் பீரங்கியின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஐஸ் கச்சாங் அருந்தப் புறப்பட்டு விடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கோட்டை என்றால் செஞ்சிக் கோட்டையைப் போல மலைமேல் ஓங்கி நிற்கும் என்று எண்ணிச் செல்வோர்க்கு, ஏறக்குறைய 10 அடி உயரமே உள்ள இம்மதில் ஏமாற்றத்தையே அளிக்கும். எதைக் காண வேண்டும் என்று அறிந்து செல்வோர்க்கு மட்டுமே இக்கோட்டை வாய் திறந்து பேசும். நம் பள்ளி மாணவர்களும் அவர்களை அழைத்துச் செல்லும் பெற்றோரும் அவ்வாறு அறிந்து செல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பட்டர்வொர்த்திலிருந்து பெரிப் படகில் ஏறித் தீவில் இறங்கியதும், கடலை வலப்புறமாகக் கொண்டு வடக்கு நோக்கி நடந்தால் போதும். முதலில் வெண்ணிற மணிக்கூண்டு ஒன்று தென்படும். விக்டோரியா பேரரசியார் அரியணை ஏறி 60 ஆண்டுகள் நிறைவுற்றதன் நினைவாக எழுப்பப்பட்டது அது. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். அது சற்றே சாய்ந்திருப்பதற்கு இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சே காரணம் என்பர். அதன் அருகிலேயே கோட்டை.

புன்னை மரங்கள் நின்ற முனை

தீவின் வடகிழக்கு மூலையாகிய இம்முனைக்கு மலாய் மக்கள் வழங்கிய பழம்பெயர் தஞ்சோங் பெனாகா என்பதாகும். 'தஞ்சோங்' என்றால் முனை. 'பெனாகா' என்பது கடற்கரையில் வளரும் ஒரு மரம். அம்மரம் வேறன்று, நம் சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்து மரமாகப் பாடிய புன்னையே. தீவின் பெயராகிய 'பினாங்' என்பதோ பாக்கைக் குறிக்கும். புன்னை முனையும் பாக்குத் தீவும் என்று சொல்லிப் பாருங்கள். இவ்விடம் நமக்கு அயலானதாகவே தோன்றாது.

1786-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17-ஆம் நாள், கப்பல் தலைவர் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் இம்முனையில் வந்திறங்கினார். 'எலைசா', 'பிரின்ஸ் ஹென்றி', 'ஸ்பீட்வெல்' என்னும் மூன்று கப்பல்கள் அவருடன் வந்தன. ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள் கொடியேற்றித் தீவைக் கம்பெனியின் உடைமையாக அறிவித்தார். அடுத்த நாள் ஆங்கில நாட்டு இளவரசரின் பிறந்தநாள் ஆதலின், தீவுக்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று பெயரிட்டார். அப்பெயர் நிலைக்கவில்லை. மக்களின் வாயில் பாக்குத் தீவே நிலைத்தது.

முனை முழுவதும் அப்போது புதர்க் காடு. அதை வெட்ட ஆட்கள் தயங்கியபோது, லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்றும், காசைத் தேடிச் சென்றவர்கள் காட்டை வெட்டித் தீர்த்தனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை சுவையானதுதான். ஆனால் காடு வெட்டிய அனுபவம் உள்ள நம் தோட்டத்துப் பாட்டனார் எவரிடமேனும் இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். காடழிக்கும் வேலை, பொறுக்கிய காசு தீர்ந்தவுடன் முடிந்துவிடும் வேலையன்று.

முதற்கோட்டை மரக்கோட்டையே. நீபோங் என்னும் முள் நிறைந்த பனை வகையின் அடிமரங்களை நெருக்கமாக நட்டு அரண் அமைத்தனர். உப்புநீரில் எளிதில் உளுத்துப் போகாத மரம் அது. இந்நாட்டு மீனவர்கள் கடலில் கேலோங் அமைக்க அதையே நெடுங்காலம் பயன்படுத்தி வந்துள்ளனர். கோட்டைக்கு வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த சார்லஸ் கார்ன்வாலிஸ் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. இவர்தாம் 1781-இல் அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுன் என்னுமிடத்தில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்த படைத்தலைவர். பின்னர் 1792-இல் மைசூர்ப் புலி திப்பு சுல்தானை உடன்படிக்கைக்குப் பணிய வைத்தவரும் இவரே. தம் பெயர் தாங்கிய இக்கோட்டையில் அவர் காலடி பட்டதில்லை.

மதில் ஏன் இவ்வளவு தாழ்வு?

இவ்விடத்தில் சிறிது கணக்கும் சிறிது வரைபடமும் வேண்டும். ஒரு தாளை எடுத்து அதில் ஒரு சதுரம் வரையுங்கள். அதன் நான்கு மூலைகளிலும் அம்பு முனையைப் போன்ற கூரிய வடிவம் ஒன்றை வெளிநோக்கி வரையுங்கள். கிடைக்கும் வடிவம் ஒரு விண்மீனைப் போலத் தோன்றும். கார்ன்வாலிஸ் கோட்டையின் தரைப்படம் அதுவே. மூலைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளைக் கொத்தளங்கள் என்போம்.

இவ்வடிவம் அழகுக்காக அமைந்ததன்று. பண்டைக் காலத்தில் ஏணி வைத்து ஏறும் பகைவரைத் தடுக்க மதில்கள் உயரமாகக் கட்டப்பட்டன. பீரங்கி வந்த பிறகு நிலைமை மாறிற்று. உயரமான மதில் தொலைவிலிருந்தே நல்ல குறியாக அமைந்து, குண்டு பட்டுச் சரிந்து விழுந்தது. ஆகவே மதிலைத் தாழ்த்தினர். அதற்கு ஈடாக அகலத்தைப் பெருக்கி, உள்ளே மண்ணை நிரப்பினர். குண்டு மண்ணில் புதைந்து வலுவிழந்து போகும். மதில் தாழ்ந்தமையால் ஏற்பட்ட குறையை ஈடு செய்ய, வெளியே அகழியைத் தோண்டி நீர் நிரப்பினர்.

மற்றொரு சிக்கலும் இருந்தது. வட்டமான அல்லது சதுரமான காவற்கோபுரத்தின் அடிக்கு நேர் முன்னால், உள்ளிருந்து குறிபார்க்க இயலாத ஒரு மறைவிடம் உண்டாகும். பகைவன் ஒருவன் அங்கு வந்து ஒட்டிக்கொண்டால் மேலிருப்பவனால் அவனை ஒன்றும் செய்ய முடியாது. கொத்தளத்தை அம்பு முனை வடிவில் அமைத்துவிட்டால், ஒரு கொத்தளத்தில் நிற்பவன் அடுத்த கொத்தளத்தின் பக்கச்சுவர் முழுவதையும் காணலாம். ஒருவர் முதுகை மற்றவர் காப்பது போன்ற அமைப்பு. நீங்கள் கோட்டைக்குச் சென்றதும் ஒரு மாணவர் மதிலின் வெளிப்புறத்தில் எங்கேனும் ஒட்டி நிற்கட்டும். மற்றொருவர் கொத்தளத்தின் மேலிருந்து அவரைத் தேடட்டும். பாடநூலில் பத்துப் பக்கம் படித்தாலும் விளங்காத ஒன்று அரை நிமிடத்தில் விளங்கிவிடும். மதில் மேல் ஓடுதல் மட்டும் கூடாது. ஆசிரியர் உடன் இருத்தல் வேண்டும்.

கட்டிய கைகள்

நாம் இன்று காணும் செங்கல், கருங்கல் மதில் லைட் காலத்ததன்று. அவர் 1794-இல் மலேரியாக் காய்ச்சலால் இறந்துவிட்டார். ஐரோப்பாவில் நெப்போலியனோடு போர் மூண்டிருந்த காலத்தில், பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து தாக்கக்கூடும் என்னும் அச்சத்தில், 1804-இல் பார்குவார் என்பாரின் நிருவாகத்தின்போது கோட்டையைப் புதுப்பிக்கும் பணி தொடங்கியது. நார்மன் மெக்காலிஸ்டர் கவர்னராக இருந்த 1810-இல் அது நிறைவுற்றது. செலவு 80,000 வெள்ளி.

கட்டியவர் யார்? வழிகாட்டிப் பலகைகளில் கவர்னர்களின் பெயர்கள் உண்டு. கல் சுமந்து, செங்கல் அடுக்கியவர்களோ இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட தண்டனைக் கைதிகள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கம்பெனி தன் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. சாலை போடவும், சதுப்பு நிலத்தைத் தூர்க்கவும், கட்டடம் கட்டவும் அவர்களே பயன்பட்டனர். ஆயுள் தண்டனை பெற்ற பலரின் நெற்றியில் அவர்தம் குற்றத்தைக் குறிக்கும் எழுத்துகள் பச்சை குத்தப்பட்டன. தப்பியோடினாலும் உலகம் அவர்களை அடையாளம் காண வேண்டும் என்பது நோக்கம். அக்கொடுமை 1849-இல்தான் ஒழிக்கப்பட்டது. நெற்றியில் குற்றத்தை எழுதியவர்கள், அவர்கள் கட்டிய மதிலில் ஒருவர் பெயரையேனும் எழுதவில்லை.

பிற்காலத்தில் சிங்கப்பூரின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், இன்று அந்நாட்டு அதிபரின் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் இந்தியக் கைதிகளின் உழைப்பினாலேயே எழுந்தன. ஆகவே, "நம்மவர் இந்நாட்டுக்கு இரப்பர் மரம் வெட்டத்தான் வந்தனர்" என்று எவரேனும் கூறினால், இக்கோட்டையின் மதிலைச் சுட்டிக்காட்டுங்கள். நம்மவர் என்று சொல்லும்போது ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். கைதிகள் எல்லாரும் தமிழரல்லர். வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாநிலங்களிலிருந்தும் அவர்கள் வந்தனர். பல மொழி பேசியவர்கள். ஒரே விலங்கால் பிணைக்கப்பட்டவர்கள்.

கைதிகளாக அன்றி, வணிகராகவும் கூலியாட்களாகவும் தாமே வந்த தமிழரும் அக்காலத்தில் இருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் எனப்பட்ட அம்மக்கள், ஏறக்குறைய ஆயிரம் பேர் தீவில் குடியேறியிருந்ததாக லைட்டே 1794-இல் எழுதியுள்ளார். அவர்களுட் பலர் ஏற்கெனவே கெடாவில் வாழ்ந்தவர்கள். கோட்டையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் சூலியா வீதியையும், 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிலிங் பள்ளிவாசலையும் காணலாம்.

காக்காத கோட்டை

இக்கோட்டை எந்தப் போரையும் கண்டதில்லை என்று வழிகாட்டி நூல்கள் பெருமையாகக் கூறும். அது உண்மையே. ஆனால் மாணவர்கள் மேலும் ஒரு வினாவைக் கேட்க வேண்டும். எவரைக் காப்பதற்காக இத்தீவு கொடுக்கப்பட்டது?

பினாங்குத் தீவு கெடா சுல்தானுக்கு உரியது. நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த அந்நாட்டுக்கு வடக்கே சயாமின் அச்சுறுத்தல் இருந்தது. தமக்கு ஆபத்து நேருமாயின் ஆங்கிலேயர் படையுதவி செய்வர் என்று நம்பியே சுல்தான் அப்துல்லா தீவைத் தர இசைந்தார். லைட்டும் அந்த நம்பிக்கையை வளர்த்தார். கம்பெனியோ அத்தகைய உறுதி எதையும் தர மறுத்தது. ஏமாற்றமுற்ற சுல்தான் 1791-இல் பிறையில் படை திரட்டித் தீவை மீட்க முயன்றார். லைட் முந்திக்கொண்டு தாக்கி அப்படையைக் கலைத்தார். அதன் பின் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி தரப்பட்டது. 1821-இல் சயாம் படை கெடாவுக்குள் புகுந்து நாட்டைச் சூறையாடியபோது, கால்வாய்க்கு இப்பால் கல்மதிலும் பீரங்கியும் கொண்ட இக்கோட்டை வாளாவிருந்தது. அகதிகளாகக் கெடா மக்கள் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் ஓடிவந்தனர்.

1914-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28-ஆம் நாள் விடியற்காலையில் 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் இத்துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து, 'ஜெம்சுக்' என்னும் ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும்போது பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தது. அதற்கு ஒரு மாதத்திற்கு முன் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியதும் இதே கப்பல்தான். "அவன் பெரிய எம்டன்" என்று நம் வீடுகளில் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அச்சொல் பிறந்த கதை இது. பழம்பீரங்கிகள் அன்று காட்சிப்பொருள்களாகவே நின்றன.

கொடியை இறக்கிய தமிழர்

1941-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நடந்தது இன்னும் கசப்பானது. ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு மாரி பொழிந்தன. வானத்தில் விமானம் வருவதை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடிய மக்கள் பெருந்தொகையினராக மாண்டனர். சில நாட்களில், ஆங்கில அதிகாரிகளும் ஐரோப்பியக் குடும்பங்களும் இரவோடிரவாகக் கப்பலேறித் தீவை விட்டு அகன்றனர். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய ஆசிய மக்கள் எவருக்கும் சொல்லப்படவில்லை. காலையில் எழுந்தபோது ஆள்வோர் இல்லை. கோட்டையில் ஆங்கிலக் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அக்கொடி பறக்கும்வரை நகரம் பகைவர் நகரமே, குண்டுவீச்சும் நிற்காது.

அவ்வேளையில் முன்வந்தவர் மாணிக்கசோதி சரவணமுத்து என்னும் இலங்கைத் தமிழர். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' என்னும் ஆங்கில நாளிதழின் ஆசிரியர். எஞ்சியிருந்த பல இனத்தவரும் சேர்ந்து அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று நகரில் ஒழுங்கைக் காக்க முயன்றார். கார்ன்வாலிஸ் கோட்டைக்குச் சென்று ஆங்கிலக் கொடியை இறக்கியவர் அவரே. பினாங்கு வானொலி வழியாக, ஆங்கிலப் படை நகரை விட்டு நீங்கிவிட்டது, இனிக் குண்டு வீச வேண்டா என்று ஜப்பானியருக்குத் தெரிவித்தார். டிசம்பர் 19-ஆம் நாள் ஜப்பானியர் தீவைக் கைக்கொண்டனர். பின்னர் அவர்களே அவரைச் சிறையிலும் அடைத்தனர். போருக்குப் பின் அவர் இலங்கையின் அரசுத் தூதராகப் பணியாற்றினார்.

இந்தக் கோட்டையின் நீண்ட வரலாற்றில், குடிமக்களின் உயிரைக் காத்த செயல் ஒன்று நடந்தது என்றால் அது இதுவேயாகும் என்பது என் கருத்து. அதைச் செய்தது பீரங்கியன்று. கொடிக்கயிற்றைப் பிடித்து இறக்கிய ஒரு பத்திரிகை ஆசிரியரின் கை. கொடிமரத்தின் அருகே நிற்கும்போது இச்செய்தியை மாணவர்களுக்கு மறவாமல் சொல்லுங்கள்.

ஸ்ரீ ரம்பை

கோட்டையின் பீரங்கிகளுள் மிகப் பெரியது 'ஸ்ரீ ரம்பை'. வெண்கலத்தால் வார்க்கப்பட்டது, நீளம் 10 அடிக்கு மேல். அதன் மேல் 1603 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதைத் தேடிக் காணுங்கள். ஹாலந்து நாட்டில் வார்க்கப்பட்ட அப்பீரங்கியை, வாணிக உரிமைக்காக டச்சுக்காரர்கள் ஜொகூர் சுல்தானுக்குப் பரிசளித்தனர். பத்தாண்டு கழியுமுன் அச்சே நாட்டார் ஜொகூரை வென்று பீரங்கியையும் கொண்டு சென்றனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது அச்சேயிலிருந்து சிலாங்கூருக்கு வந்து, கோலா சிலாங்கூர்க் குன்றின் மேல் நின்றது. 1871-இல் கடற்கொள்ளையரைத் துரத்திச் சென்ற ஆங்கிலேயர் அந்நகரைத் தாக்கிப் பீரங்கியைப் பினாங்குக்கு எடுத்து வந்தனர். பினாங்கிலும் அது நெடுங்காலம் கடற்கரைத் திடலில் கிடந்தது; 1950-களில்தான் கோட்டைக்குள் வந்தது. நான்கு அரசுகளின் கைமாறிய இப்பீரங்கியின் வழித்தடத்தை நிலப்படத்தில் கோடிட்டுக் காட்டினால், மலாக்கா நீரிணையின் 300 ஆண்டு வரலாறே அங்கு வந்துவிடும்.

இதைப் பற்றி வழங்கும் கதைகள் பல. பினாங்கு வந்தபோது கடலுக்குள் கிடந்த பீரங்கி எழ மறுத்தது என்றும், துங்கு கூடின் ஒரு நூலைக் கட்டி அழைத்ததும் மிதந்து கரை சேர்ந்தது என்றும் கூறுவர். பிள்ளைப் பேறு வேண்டும் பெண்கள் இதன் வாயில் மலர் வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கமும் இருந்து வந்துள்ளது. மரத்தில் தொட்டில் கட்டும் வழக்கமுடைய நாம் இதைக் கேட்டு நகைக்க வேண்டியதில்லை.

அகழியும் கொசுவும்

கோட்டையைச் சுற்றி 9 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட அகழி இருந்தது. எந்தப் பகைவனும் அதைக் கடக்க வரவில்லை. தேங்கிய நீரில் கொசுதான் வந்து குடியேறியது. மலேரியா பரவவே 1920-களில் அகழியைத் தூர்த்துவிட்டனர். தோட்டத்து வடிகால்களில் மலேரியா எண்ணெய் தெளித்த நாட்களை அறிந்த பெரியோர்க்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அண்மை ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் மண்ணைத் தோண்டி அகழியின் பழஞ்சுவர்களைக் கண்டறிந்தனர். அதை மீண்டும் அமைக்கும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. நூறாண்டாக மண்ணுக்குள் கிடந்த செங்கற்களைக் காணும் வாய்ப்பு நம் தலைமுறைக்குக் கிடைத்துள்ளது. அருகில் சென்று, ஒரு செங்கல்லின் நீள அகலத்தை உங்கள் கை விரலால் அளந்து, இன்றைய செங்கல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கலைப் பூங்காவாகிய கோட்டை

1977-இல் இக்கோட்டை பாதுகாக்கப்பட்ட பழஞ்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2008-இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தன. படைவீரர் அணிவகுத்த உள்முற்றம் இன்று புல்வெளியும் மர நிழலுமாக விளங்குகிறது. திறந்தவெளி அரங்கு ஒன்றும் உண்டு. இசையும் நடனமும் நாடகமும் அங்கு நிகழ்ந்து வந்துள்ளன. பிரான்சிஸ் லைட்டின் சிலையையும் காணலாம். அவருடைய உருவப்படம் கிடைக்காமையால், அவர் மகன் வில்லியம் லைட்டின் முகச்சாயலில் அதை வடித்தனர் என்பர். அந்த மகன்தான் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரை நிறுவியவர். வெடிமருந்துக் கிடங்கின் தடித்த சுவரையும், சிறு தேவாலயத்தையும் கடந்து செல்லுங்கள். லைட்டின் துணைவியார் மார்ட்டினா ரோசெல்ஸ் கணவர் இறந்தபின் செய்துகொண்ட மறுமணம் 1799-இல் அத்தேவாலயத்தில் நடைபெற்றது.

கோட்டையைப் பூங்காவாக்கியது நன்றே. எனினும் நிழலும் நடன மேடையும் பெருகுந்தோறும் கைதிகளின் கதை சுருங்கிவிடலாகாது. அரங்கில் ஏறும் கலைக்குழுக்கள் ஒருநாள் அக்கதையையே நாடகமாக நடிக்கலாம். நம் பள்ளிகளின் கலைநிகழ்ச்சிக்கும் இது தகுந்த பொருள்தான்.

இறுதியாக, வடகிழக்கு மூலையில் இரும்புச் சட்டங்களால் ஆன, கப்பலின் பாய்மரம் போன்ற கலங்கரை விளக்கத்தைக் காணுங்கள். 1882-இல் எழுப்பப்பட்டது, உயரம் 21 மீட்டர். தீபகற்ப மலேசியாவில் தஞ்சோங் துவானில் உள்ளதற்கு அடுத்த பழமையுடையது. இன்று அது கப்பலுக்கு வழிகாட்டுவதில்லை. ஆனால் அதன் அடியில் நின்று கடலை நோக்கும் பிள்ளைகள், தம் பாட்டன்மார் வந்த வழியையே நோக்குகின்றனர். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் முதலில் தொட்ட துறைமுகம் பினாங்கு. 'ரஜூலா' கப்பல் 1926 முதல் 1973 வரை நம் மக்களை ஏற்றி வந்ததும் இவ்வழியே. பல நாள் கடல் நோயில் வாடி, ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக் காவலில் இருந்து, பின் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்ற அவர்களுள் பலர் இத்தீவில் முதலில் கண்டவற்றுள் இவ்விளக்கும் ஒன்றாக இருந்திருக்கும்.

ஆகவே, சுற்றுலாவுக்குப் புறப்படும் முன் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டில் ஒரு செய்தியைக் கேட்டு எழுதி வருதல் வேண்டும்: நம் குடும்பத்தில் முதலில் கடல் கடந்து வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்? பெற்றோர் தாமறிந்ததைச் சொல்லி உதவுக. தெரியாத இடத்தை வெற்றிடமாகவே விட்டு வரலாம். குறிப்பேடு, பென்சில், ஓர் அளவு நாடா, குடிநீர் ஆகியவற்றை மறவாது கொண்டுவருக. கடற்காற்று இருப்பினும் நண்பகல் வெயில் கடுமையானது, தொப்பியும் வேண்டும். கோட்டையில் நுழைவுக் கட்டணம் உண்டு. விளக்கத்தின் அடியில் அமர்ந்து அக்குறிப்புகளை ஒருவர் பின் ஒருவராகப் படித்துக் காட்டிய பிறகு பெரித் துறைக்குத் திரும்பலாம்.